பழைய இசைத்தட்டுகள்: முதலில் கழுவுங்கள், பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு, வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பாட்டுத் தட்டுகள் ஒருநாள் நினைவுக்கு வரும். அப்பா காலத்து எல்.பி. தட்டுகள், தாத்தா காலத்துக் கிராமபோன் தட்டுகள் சில வீடுகளில் இருக்கும். சவுண்ட் சர்வீஸ் நடத்திய வீடு என்றால், கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் குழாய் ஸ்பீக்கரில் போட்ட தட்டுகள் பெட்டி பெட்டியாக இருக்கும். இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் நினைத்த நேரத்தில் கேட்கலாம். பென் டிரைவில் எடுத்துச் செல்லலாம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பலாம்.

ஆனால் இந்த வேலையைப் பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். தூசி படிந்த தட்டை அப்படியே ஓடவிட்டுப் பதிவு செய்கிறார்கள். கரகரப்பைச் சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். சாப்ட்வேர் ஓரளவு சத்தத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் அழுக்கின் மேல் ஊசி ஓடும்போது தட்டில் விழும் கீறலை எந்தச் சாப்ட்வேராலும் ஆற்ற முடியாது. பழைய தட்டு ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேய்கிறது. ஆகவே சுத்தம் தட்டில் தொடங்க வேண்டும். கம்ப்யூட்டரின் முறை அதற்குப் பிறகுதான்.

கடலோர வீடுகளில் கூடுதல் கவனம்

கன்னியாகுமரிக்கு அருகில், கடலை ஒட்டி வட்டக்கோட்டை இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத் தளபதி டிலனாயின் மேற்பார்வையில் 18-ஆம் நூற்றாண்டில் உருவான கோட்டை அது. கருங்கல் சுவர் கடல் காற்றைத் தாங்கி இன்றும் நிற்கிறது. அதே காற்று வீசும் வீட்டில், அட்டை உறைக்குள் இருக்கும் இசைத்தட்டால் அப்படித் தாங்க முடியாது.

காரணம் இதுதான். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. எனவே ஆண்டில் பல மாதங்கள் காற்றில் ஈரம் இருக்கும். கடல் காற்றோடு வரும் உப்புத்தூள் எந்தப் பொருளில் படிந்தாலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமும் தூசியும் அட்டையும் சேர்ந்த இடத்தில் பூசணம் பிடிக்கும். தட்டின் மேல் வெள்ளையாக, சிலந்தி வலை போலத் தெரிவது அதுதான். தட்டோடு நின்றுவிடாமல் பிளேயரின் மோட்டார் தண்டு, வயர் முனைகள் ஆகியவற்றையும் உப்புக்காற்று துருப்பிடிக்க வைக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற மற்ற கடலோர ஊர்களுக்கும் இது பொருந்தும்.

உங்களிடம் இருப்பது எந்தத் தட்டு?

கழுவும் முன் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வகைக்கு நல்லது இன்னொரு வகையைக் கெடுத்துவிடும்.

1. 78 தட்டு: நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். பெரும்பாலும் 10 அங்குலம். கனமாக இருக்கும், வளையாது, கீழே விழுந்தால் ஓடு போல உடையும். ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம்தான் பாட்டு. இதில் முக்கியப் பொருள் அரக்கு.

2. எல்.பி. தட்டு: 12 அங்குலம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிடம் ஓடும். வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. லேசாக வளைந்து கொடுக்கும். அமெரிக்காவில் 1948-ல் கொலம்பியா நிறுவனம் இதை அறிமுகம் செய்தது.

3. இ.பி. தட்டு: 7 அங்குலம். பெரும்பாலும் 45 சுற்று. இதுவும் வினைல்தான். படப் பாடல்கள் பல இந்த வகையில் வந்தன.

4. நேரடியாகப் பதிவு செய்த தட்டு: நடுத்துளையின் விளிம்பில் உலோகம் தெரியும். லேபிளில் அச்சுக்குப் பதில் கையெழுத்தோ டைப் எழுத்தோ இருக்கும். இது அலுமினியத் தகட்டின் மேல் பூசிய மெல்லிய பூச்சு. பூச்சு உரிந்தால் குரலும் போய்விடும். இந்த வகைத் தட்டு உங்களிடம் இருந்தால் கழுவாதீர்கள், ஓடவிடவும் வேண்டாம். விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

78 தட்டுகளை மட்டும் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1957-ல் மறைந்தார். அவர் காலத்தில் படப் பாட்டு வீட்டுக்கு வந்ததெல்லாம் 78 தட்டில்தான். 1944-ல் வெளியான ஹரிதாஸ் படத்தின் பாகவதர் பாட்டுகளும் அப்படியே. எச்.எம்.வி., கொலம்பியா, ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெளியிட்ட ஓடியன் என்று பல லேபிள்கள் இருந்தன. புகழ்பெற்ற பாட்டுகள் திரும்பத் திரும்ப வெளிவந்து நமக்குக் கிடைத்துவிட்டன. ஆனால் ஊர்ப் பக்கத்து நாடகப் பாட்டு, நகைச்சுவைத் தட்டு, நாதஸ்வரத் தட்டு போன்றவை அப்படியல்ல. உங்கள் பெட்டியில் இருப்பதே மிஞ்சியிருக்கும் சில பிரதிகளில் ஒன்றாக இருக்கலாம். அதனால்தான் இத்தனை எச்சரிக்கை.

தேவையான பொருட்கள்

- டிஸ்டில்டு வாட்டர், 2 லிட்டர். பேட்டரிக் கடையில் கிடைக்கும். பேட்டரி ஆசிட் கேனைத் தவறுதலாக எடுத்துவிடாதீர்கள். லேபிளைப் படித்து வாங்கவும்.
- நிறமும் அதிக வாசனையும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம், சில சொட்டுகள்.
- மைக்ரோபைபர் துணி, 4. கண்ணாடிக் கடையிலும் கார் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும்.
- மிருதுவான புதிய பெயின்ட் பிரஷ், ஒன்று.
- பெரிய டர்க்கித் துண்டு, 2.
- தட்டுகளைச் சாய்த்து வைக்கச் சமையலறைத் தட்டு ஸ்டாண்டு.

கிணற்று நீரும் குழாய் நீரும் வேண்டாம். நீர் காய்ந்ததும் அதிலுள்ள உப்பு தட்டின் வரிகளுக்குள் வெள்ளையாகத் தங்கிவிடும். பிறகு அதுவே கரகரக்கும்.

எல்.பி., இ.பி. தட்டுகளைக் கழுவும் முறை

முதல் முறை செய்பவர்கள் அதிகம் விரும்பாத ஒரு தட்டில் பழகிக்கொள்ளுங்கள். பூசணம் பிடித்த தட்டு என்றால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடவும். நல்ல தட்டுகளின் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

1. கைகளை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொள்ளவும். தட்டை விளிம்பிலும் நடு லேபிளிலும் மட்டும் பிடிக்கவும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் தூசி ஒட்டும்.

2. மேஜையில் டர்க்கித் துண்டை விரித்து அதன் மேல் தட்டை வைக்கவும். பிரஷ்ஷால் தூசியை மெதுவாகத் தள்ளவும். தூசி இருக்கும்போதே ஈரத்துணி போட்டால் அது சேறாகி உள்ளே போய்விடும்.

3. ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கழுவும் திரவம் 3 அல்லது 4 சொட்டு விட்டுக் கலக்கவும். அதற்கு மேல் வேண்டாம்.

4. மைக்ரோபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, வரிகள் செல்லும் திசையிலேயே வட்டமாகத் துடைக்கவும். குறுக்கே துடைக்கக் கூடாது. அழுத்தவும் கூடாது. லேபிளைச் சுற்றி ஒரு விரல் அகலம் ஈரம் படாமல் விடவும். லேபிள் காகிதம் நனைந்தால் நிறம் கசியும்.

5. இன்னொரு துணியை வெறும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து இரண்டு முறை துடைக்கவும். இந்த வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சோப்பு தங்கினால் ஊசியில் பசை போல ஒட்டும்.

6. உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கவும். தட்டைத் திருப்பி மறுபக்கமும் இதே போலச் செய்யவும்.

7. ஸ்டாண்டில் நிறுத்தி நிழலில் காயவிடவும். மழைக்காலத்தில் பேன் காற்று போதும். நன்றாகக் காய்ந்த பிறகே உறையில் போடவும்.

78 தட்டுக்குத் தனி விதி

78 தட்டில் ஸ்பிரிட்டோ ஆல்கஹாலோ படவே கூடாது. மர நாற்காலிக்குப் பாலிஷ் போடுபவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார்கள். உங்கள் தட்டிலும் அதுதான் நடக்கும். வரிகள் கரைந்து போகும். கம்ப்யூட்டர் திரை, சி.டி. ஆகியவற்றைத் துடைக்க விற்கும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. அவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

மேலே சொன்ன அதே சோப்புத் தண்ணீரையே இதற்கும் பயன்படுத்தலாம். ஆனால் ஊறவைக்கக் கூடாது. துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. ஒரு பக்கம் துடைத்த உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடவும். விரிசல் விட்ட தட்டை ஈரப்படுத்தவே வேண்டாம். உடைந்த தட்டின் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டாமல், ஒரே அட்டைப்பெட்டியில் தட்டையாக வைத்துப் பாதுகாக்கவும். பிற்காலத்தில் அதிலிருந்தும் ஒலியை எடுக்க வழி இருக்கிறது. பசை பட்டுவிட்டால் அந்த வழி அடைபடும்.

செய்யக் கூடாதவை

- பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், தின்னர் எதையும் தடவாதீர்கள்.
- வெயிலில் காயவைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் சென்றாலே தட்டு வளைந்துவிடும். முடி உலர்த்தும் டிரையரும் கூடாது.
- சட்டைத் துணி, டிஷ்யூ பேப்பர் ஆகியவற்றால் துடைக்காதீர்கள். நூலும் தூளும் வரிக்குள் மாட்டிக்கொள்ளும்.
- சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் எல்.பி. தட்டை வைக்காதீர்கள். அதன் கனத்த தலையும் இரும்பு ஊசியும் ஒரே ஓட்டத்தில் வினைலை உழுதுவிடும்.

ஊசியைக் கவனித்தீர்களா?

எல்.பி. தட்டின் வரி மிகவும் குறுகியது. 78 தட்டின் வரி அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசியை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும். பழைய ரெக்கார்ட் பிளேயர்கள் சிலவற்றில் ஊசியைத் திருப்பிப் போட ஒரு சின்னப் பிடி இருக்கும். ஒரு பக்கம் 78-க்கு, மறுபக்கம் எல்.பி.க்கு. புதிய பிளேயர் என்றால் 78 ஊசியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஊசி முனையில் தூசிப் பந்து சேர்ந்திருந்தால் சின்ன மிருதுவான பிரஷ்ஷால் பின்னிருந்து முன்னோக்கி மட்டும் தள்ளவும். விரலால் தொட வேண்டாம். பல ஆண்டுகள் கிடந்த பிளேயரில் பழைய ஊசியை மாற்றிய பிறகே நல்ல தட்டை வைக்கவும்.

கம்ப்யூட்டரோடு இணைப்பது எப்படி?

இரண்டு வழிகள் உண்டு. யு.எஸ்.பி. வசதியுள்ள பிளேயர் என்றால் வேலை சுலபம். வயரைக் கம்ப்யூட்டரில் செருகினால் போதும். சாதாரண பிளேயர் என்றால் நடுவில் போனோ ப்ரீ ஆம்ப் என்ற சிறிய பெட்டி தேவைப்படலாம். காந்த வகைத் தலையிலிருந்து வரும் மின்சாரம் மிகக் குறைவு. மேலும் தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிந்திருப்பார்கள். அதைப் பழைய நிலைக்குக் கொண்டு வருவதும் இந்தப் பெட்டிதான். சில பிளேயர்களில் இது உள்ளேயே இருக்கும். பின்பக்கத்தில் போனோ, லைன் என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கவும்.

வயரைக் கம்ப்யூட்டரில் நீல நிற லைன் இன் துளையில் செருகவும். இளஞ்சிவப்பு நிற மைக் துளை வேண்டாம். அதில் ஒலி உடைந்து கேட்கும். லேப்டாப்பில் லைன் இன் இல்லாவிட்டால் சிறிய யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் வாங்கிக்கொள்ளலாம்.

பதிவு செய்தல்

ஆடாசிட்டி என்ற இலவசச் சாப்ட்வேர் இந்த வேலைக்குப் போதும். 2000-ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளவும்.

1. ஆடாசிட்டியைத் திறந்து, ரெக்கார்டிங் டிவைஸ் என்ற இடத்தில் உங்கள் லைன் இன் அல்லது யு.எஸ்.பி. பிளேயரைத் தேர்ந்தெடுக்கவும். சேனல் ஸ்டீரியோ. சாம்பிள் ரேட் 44100.

2. பாட்டில் அதிக சத்தம் வரும் இடத்தை ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டு அளவு பார்க்கவும். மீட்டர் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் வைக்கவும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி வெட்டுப்படும். அதைப் பிறகு சரி செய்ய முடியாது.

3. சிவப்பு ரெக்கார்ட் பட்டனை அழுத்திய பிறகு ஊசியை வைக்கவும். தொடக்கத்தில் பாட்டு இல்லாமல் ஓடும் சில வினாடிகளும் பதிவாக வேண்டும். அது பின்னால் உதவும்.

4. பக்கம் முடியும் வரை நிறுத்த வேண்டாம். அந்த நேரத்தில் மேஜையைத் தட்டுவது, அருகில் நடப்பது கூடாது. ஸ்பீக்கர் ஒலியையும் குறைத்து வைக்கவும்.

5. முடிந்ததும் எக்ஸ்போர்ட் கட்டளை கொடுத்து வேவ் பைலாகச் சேமிக்கவும். இதுதான் உங்கள் மூலப் பிரதி. இதில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள்.

இந்த அளவில் வேவ் பைல் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. இடம் எடுக்கும். எல்.பி.யின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 210 எம்.பி. 78 தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 32 எம்.பி. நூறு 78 தட்டுகளை இரு பக்கமும் ஏற்றினாலும் 7 ஜி.பி.க்குள் அடங்கிவிடும்.

பிளேயரில் 78 வேகம் இல்லையா? 78 ஊசி மட்டும் இருந்தால் 45-ல் ஓடவிட்டுப் பதிவு செய்யலாம். பிறகு எபெக்ட் மெனுவில் சேஞ்ச் ஸ்பீட் கட்டளையைத் தேர்ந்தெடுத்தால் 45-லிருந்து 78-க்கு மாற்ற வசதி இருக்கிறது. வேகமும் சுருதியும் சேர்ந்தே சரியாகிவிடும்.

சாப்ட்வேரில் எந்த அளவுக்குச் சுத்தம் செய்யலாம்?

வேவ் பைலைக் காப்பி எடுத்து, காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள். டிக், டிக் என்ற சத்தத்துக்கு எபெக்ட் மெனுவில் கிளிக் ரிமூவல். ஒரே ஒரு பெரிய வெடிப்பு என்றால் அந்த இடத்தைப் பெரிதாக்கி, மிகச் சிறிய பகுதியைத் தேர்ந்தெடுத்து ரிப்பேர் கொடுக்கவும். தொடர்ந்து வரும் இரைச்சலுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன். முதலில் பாட்டுத் தொடங்கும் முன் உள்ள வெறும் இரைச்சலைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் புரொபைல் எடுக்கவும். பிறகு முழுப் பாட்டையும் தேர்ந்தெடுத்து 6 டெசிபல் அளவில் செய்து பார்க்கவும்.

அளவைக் கூட்டிக்கொண்டே போனால் இரைச்சலோடு குரலின் உயிரும் போய்விடும். நாதஸ்வரத்தின் கூர்மையும் மிருதங்கத்தின் தட்டொலியும் மழுங்கும். தண்ணீருக்குள் பாடுவது போல் கேட்டால் அதிகம் செய்துவிட்டீர்கள் என்று பொருள். நன்றாகக் கழுவிய தட்டுக்கு இந்த வேலை மிகக் குறைவாகவே தேவைப்படும்.

கேட்பதற்கு எம்பி3 பைலாக மாற்றிக்கொள்ளலாம். மூலப் பிரதியின் இடத்தைக் குறைக்க பிளாக் வகை ஏற்றது. தரம் குறையாமல் அளவு மட்டும் சுருங்கும்.

பெயரும் பேக்கப்பும்

ட்ராக் 1, ட்ராக் 2 என்று பெயர் வைத்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே விளங்காது. லேபிள், தட்டு எண், பாடகர், பாட்டு, பக்கம் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். லேபிளையும் உறையையும் போட்டோ எடுத்து அதே போல்டரில் போடவும். தட்டு யாருடையது, எந்தக் கடையில் வாங்கியது, எந்தத் திருவிழாவில் போட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி வையுங்கள். தட்டில் இல்லாத இந்தத் தகவலை அவர்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் ஒன்று என மூன்று பிரதிகள் இருக்கட்டும். கடலோர வீட்டின் ஈரம் ஹார்ட் டிஸ்க்குக்கும் நல்லதல்ல.

ஒரு சட்டக் குறிப்பு. இந்தியாவில் ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாட்டை எழுதியவரின் உரிமை அவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். உங்கள் வீட்டில் கேட்கப் பதிவு செய்வது ஒன்று. விற்பதும் எல்லோருக்கும் பரப்புவதும் வேறு.

திரும்ப வைக்கும்போது

கழுவிய தட்டைப் பழைய உள்ளுறையில் போடாதீர்கள். புதிய உறை வாங்கிப் போடுங்கள். புத்தகம் போல நேராக நிறுத்தி வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ளது வளையும், 78 என்றால் உடையும். வெளிச் சுவரை ஒட்டிய அலமாரியும் தரையும் வேண்டாம். கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து தள்ளி, உள் அறையில் வையுங்கள். அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகள் போட்டு, மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். மாதம் ஒரு முறை திறந்து பார்த்தால் பூசணம் தொடங்கும்போதே தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு தட்டுகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நாளை இதைவிட நல்ல கருவி வந்தால் திரும்ப எடுக்க மூலம் வேண்டும். வீட்டில் இடமில்லை என்றால், 1994 முதல் செயல்படும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களைக் கேட்டுப் பாருங்கள்.

பெட்டி நிறையத் தட்டு இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை வினைல் தட்டு இரண்டை மட்டும் எடுத்துக் கழுவிக் காயவையுங்கள். மாலையில் பதிவு செய்யலாம். கை பழகிய பிறகு 78 தட்டுகளுக்கு வாருங்கள்.